பக்கி ‘டியூனிங்’ என்று சொல்லி மொட்டையடிக்கிறார்கள், ஜாக்கிரதை

சென்னையில் 150 சிசி பக்கி, ஏடிவி (மணலிலும் கரடுமுரடான தரையிலும் ஓட்டும் திறந்த நான்கு சக்கர வண்டிகள்) வைத்திருப்பவர்கள், ஈசிஆர் பக்கம் ரிசார்ட்டுக்கு வாங்கிப் போட்டிருப்பவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். கிளட்ச், வேரியேட்டர் (பெல்ட் வண்டியில் கியரின் வேலையைச் செய்யும் முன் புல்லிப் பகுதி) டியூனிங் என்ற பெயரில் ஒரு பட்டறை என்னிடம் 14,500 ரூபாய் வாங்கிக்கொண்டு செய்த வேலை இது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. வேலையின் லட்சணம் தெரிந்தால் போதும், வேறு எந்தப் பட்டறை இதே வித்தையைக் காட்டினாலும் பிடித்துவிடலாம்.

என் வண்டி சீனத் தயாரிப்பு, ஜிஒய்6 எனும் ஸ்கூட்டர் ரக இன்ஜின். கியர் கிடையாது, ஆக்டிவா மாதிரி பெல்ட்டில் ஓடுவது. பதிவு எண் இல்லாத வண்டி என்பதால் திருப்போரூர் பக்கம் மாமாவின் தோப்புக்குள் மட்டும்தான் ஓட்டம். குறை ஒன்றுதான்: மணலில் நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது திணறும். கிளம்பிவிட்டால் நன்றாகவே போகும். குட்டி யானையில் ஏற்றி அந்தப் பட்டறைக்கு அனுப்பினேன்.

பேச்சு பிரமாதம். “ரேஸ் வேரியேட்டர் கிட் போட்டா முப்பது பர்சென்ட் பவர் ஏறும் சார்” என்றார் முதலாளி. இந்த ஒரு வாக்கியத்தை யார் சொன்னாலும் உஷாராகிவிடுங்கள். வேரியேட்டர் பவரைக் கூட்டாது. இன்ஜின் தருகிற பவரை எந்தச் சுற்றில் (ஆர்பிஎம்) எடுப்பது என்று மட்டும்தான் அது தீர்மானிக்கும். உள்ளே ஆறு ரோலர்கள் இருக்கின்றன. இன்ஜின் வேகம் ஏற ஏற அவை வெளிப்பக்கம் நகர்ந்து முன் புல்லியை நெருக்கும், பெல்ட் மேலே ஏறும். ரோலரின் எடை குறைந்தால் இந்த ஏற்றம் தாமதமாகும், இன்ஜின் கூடுதல் சுற்றில் நின்று இழுக்கும், எடுப்பு நன்றாக இருக்கும். எடை கூடினால் பெல்ட் சீக்கிரமே ஏறிவிடும், சத்தம் அடங்கும், மணலில் மூச்சு வாங்கும். என் வண்டிக்கு வேண்டியிருந்தது ஓரிரு கிராம் குறைந்த ரோலர் செட், கொஞ்சம் விறைப்பான கிளட்ச் ஸ்பிரிங். அவ்வளவுதான்.

டெலிவரி அன்று பின் சக்கரங்கள் தரையில் படாமல் ஸ்டாண்டில் தூக்கி வைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்துக் காட்டினார்கள். இன்ஜின் அலறியது, சக்கரம் பறந்தது, பையன்கள் கைதட்டாத குறை. சுமையே இல்லாமல் சுற்றும் சக்கரம் எந்த வண்டியிலும் பறக்கத்தான் செய்யும். இறக்கி ஓட்டிக் காட்டச் சொன்னதற்கு, “உள்ள இடமில்ல, ரோட்ல எடுத்தா போலீஸ் புடிப்பான்” என்று பதில். அதுவும் நியாயம்தானே, என்ன சொல்ல முடியும்!

தோப்பில் இறக்கியதும் கதை தெரிந்துவிட்டது. மிதித்தால் சத்தம் மட்டும் ஏறுகிறது, வண்டி நகரவில்லை. அப்புறம் திடீரென்று உதறிக்கொண்டு பாய்கிறது. கொஞ்ச நேரத்திலேயே ரப்பர் கருகும் நாற்றம், சேஸிஸ் முழுக்க அதிர்வு.

புதுப்பேட்டையில் ஸ்கூட்டர் பெல்ட் வேலையே தொழிலாக வைத்திருக்கும் ஒரு பாயிடம் கொண்டுபோனேன். பெல்ட் கவரைக் கழற்றியதும் கறுப்புத் தூள் கொட்டியது. பெல்ட்டைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்துவிட்டு, “இத எவன் புதுசுன்னு சொன்னான்?” என்றார். பில்லில் ‘இம்போர்ட்டட் பெல்ட், புதியது’ என்று இருக்கிறது. என் வண்டிக்கு 842-20-30 பெல்ட். நடுவில் உள்ள 20 என்பது அகலம், மில்லிமீட்டரில். வெர்னியர் அளவுகோல் வைத்தால் 18-க்குச் சற்று மேலே நிற்கிறது. பெட்ரோலில் கழுவித் துடைத்த பழைய பெல்ட். ஓரத்து நூல் பிரிந்து நிற்பதைத் தடவினாலே தெரியும்.

ரோலர்களைத் தராசில் வைத்தோம். மூன்று 11 கிராம், மூன்று 13 கிராம். இரண்டு எடையைக் கலந்து போடுவது தப்பில்லை, ஆனால் ஒன்று விட்டு ஒன்றாக மாற்றிப் போட வேண்டும். இங்கே கனமானவை மூன்றும் ஒரே பக்கம்! அதிலும் ஒன்று ஏற்கெனவே தேய்ந்து ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது. போதாததற்கு எல்லாவற்றிலும் கிரீஸை அப்பியிருந்தார்கள். இந்த இன்ஜினில் ரோலர் உலர்ந்துதான் ஓட வேண்டும். கிரீஸ் தெறித்துப் புல்லியில் பட்டால் பெல்ட் வழுக்கும். வழுக்கியிருந்தது.

கிளட்ச் ஸ்பிரிங் 2000 ஆர்பிஎம் ரகம், என் வண்டிக்கு அளவுக்கு மீறிய விறைப்பு. கிளட்ச் பிடிப்பதே தாமதம், பிடிக்கும்போது உதறல். மெதுவாக ஊர வேண்டிய மணலில் அது பாதி பிடித்தும் பிடிக்காமலும் உரசிக்கொண்டே இருந்து, கிளட்ச் பெல் (கிளட்ச் உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் உலோகக் கிண்ணம்) சூட்டில் நீலம் பாய்ந்துவிட்டது. (ஸ்பிரிங்கின் நிறத்தைக் காட்டி ‘ரேஸ் ஸ்பிரிங்’ என்றால் நம்பாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும்.)

எனக்கு அதிகம் வயிறு எரிந்தது முன் புல்லியைப் பார்த்தபோதுதான். அதன் விளிம்பில் இருக்கும் விசிறி இதழ்கள்தான் பெல்ட் பெட்டிக்குள் காற்றைத் தள்ளிச் சூட்டைக் குறைப்பவை. நட்டைக் கழற்றும்போது புல்லி சுற்றாமல் பிடிக்க அதற்கென்று ஹோல்டர் இருக்கிறது. இவர்கள் இதழ்களுக்கு நடுவே ஸ்க்ரூ டிரைவரைச் சொருகி முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு இதழ் உடைந்து போயிருக்கிறது. அதிர்வுக்கு அதுவும் ஒரு காரணம். உடைந்த இதழைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போட்டோக்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வந்த பதில்: “மணலில் ஓட்டியதால் வாரண்டி கிடையாது.” மணலில் ஓட்டத்தானே ஐயா பக்கி!

பாய் புது பெல்ட், 11 கிராம் ரோலர் செட், 1500 ஸ்பிரிங், முன் புல்லி போட்டுக் கொடுத்தார். பட்டறை வாங்கிய தொகையில் பாதிகூட ஆகவில்லை. கழற்றியதை ஒன்றுவிடாமல் கவரில் கட்டி என்னிடமே கொடுத்துவிட்டார். இப்போது மணலில் நின்ற இடத்திலிருந்து சிணுங்காமல் எடுக்கிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பட்டறை மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். பில்லும் பழைய பெல்ட்டும் கையில் இருக்கின்றன. உங்கள் பில்லிலும் ‘ரேஸ் வேரியேட்டர் கிட்’ என்று மொத்தமாக ஒரே வரி எழுதி, கழற்றிய பாகங்களைத் தராமல் அனுப்பியிருந்தால் எனக்குத் தகவல் அனுப்புங்கள். அதே பட்டறை என்றால் சேர்ந்தே மனு போடலாம்.