என்யுஎஸ்: ஹாலா, ரெசிடென்ஷியல் காலேஜா?

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் (என்யுஎஸ்) இடம் கிடைத்தவர்கள் தங்குமிட விண்ணப்பத்தைத் திறந்ததும் தடுமாறும் இடம் இது. வெறும் அறை போதும் என்பவர்களுக்கு, பல்கலைக்கழகத்தின் யுடவுன் என்ற குடியிருப்பு வளாகத்தில் உள்ள யுடவுன் ரெசிடென்ஸ் போன்றவை உண்டு. அங்கே கட்டாயச் சாப்பாடு இல்லை, கட்டாய வகுப்பும் இல்லை. கூடி வாழவும் வேண்டும் என்றால் முக்கியப் போட்டி இரண்டுக்குள்தான்: யூசோஃப், ஷியர்ஸ், ராஃபிள்ஸ், டெமாசெக் மாதிரியான ஹால்கள் (விடுதிகள்) ஒரு பக்கம், தெம்புசு, ஆலிஸ் அண்ட் பீட்டர் டான், ஆர்சி4 (ரெசிடென்ஷியல் காலேஜ் 4) போன்ற, தங்கிக்கொண்டே பாடமும் படிக்கும் யுடவுன் காலேஜ்கள் மறுபக்கம்.

சாப்பாட்டை வைத்து முடிவெடுக்க வேண்டாம். இரண்டிலும் காலை, இரவு உணவுத் திட்டம் கட்டாயம். மதியத்துக்குத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். சைவம், ஹலால், இந்திய உணவு எல்லாம் கிடைக்கும். போக்குவரத்தும் பெரிய வித்தியாசமில்லை. பழைய வாரன் கோல்ஃப் மைதானத்தில் எழுந்த யுடவுன், முதன்மை வளாகத்திலிருந்து நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் டி1, டி2 இலவசப் பேருந்துகள் வகுப்புக்குக் கொண்டுவிடும்.

தீர்மானிக்க வேண்டியது ஒன்றே: அந்த அறையில் தொடர்ந்து இருப்பதற்கு எதைக் கொடுக்கப்போகிறீர்கள்?

ஹாலில் கொடுப்பது மாலை நேரத்தை. அடுத்த ஆண்டும் அறை வேண்டுமென்றால் விளையாட்டு, நாடகம், நடனம், குழுப் பொறுப்பு என்று பங்கேற்றுப் புள்ளி சேர்க்க வேண்டும். எதற்கு எத்தனை புள்ளி என்பது ஹாலுக்கு ஹால் மாறும். ஒரே அளவுகோலைச் சொல்ல முடியாது. ஆனால் சிக்கல் எங்கும் ஒன்றுதான். பயிற்சிகள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகே தொடங்கும், நள்ளிரவை எளிதில் தாண்டும். போட்டிகளும் மேடை நிகழ்ச்சிகளும் நெருங்கும்போது இடைத்தேர்வும் வந்து நிற்கும். அந்த நேரத்துக்கு நட்பு கிடைக்கும், அணி கிடைக்கும். பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அளவான யூனிட் ஒன்றுகூடக் கிடைக்காது.

காலேஜில் கொடுப்பது பாடங்களை. யுடவுன் காலேஜ் திட்டம் 2 ஆண்டுகள் அங்கேயே தங்கிப் படிப்பது. தொடக்கத்தில் வகுத்த அமைப்பு 5 பாடங்கள்: ஒரு ஜூனியர் செமினார் (சிறு குழு விவாத வகுப்பு), எழுத்துப் பயிற்சிக்கு இரண்டு, இரண்டு சீனியர் செமினார். பாடத்துக்கு 4 யூனிட், மொத்தம் 20. நான்காண்டுப் பட்டத்துக்கு 160 யூனிட் தேவை என்பதால் இது எட்டில் ஒரு பங்கு. எல்லாரும் எடுத்தே ஆகவேண்டிய பொதுப் பாடங்களின் இடத்தில் இவை உட்காருவதுதான் இதன் பலம். எப்படியும் கழிக்க வேண்டிய யூனிட்டை, பெரிய விரிவுரை அரங்கில் கழிக்காமல், தங்கும் கட்டடத்துக்குள்ளேயே சிறு வட்டமாக உட்கார்ந்து விவாதித்துக் கழிக்கிறீர்கள். பொறியியல் மாணவரும் சமூகவியல் மாணவரும் ஒரே கட்டுரையைப் படித்துவிட்டு வருகிறார்கள். வகுப்பு முடிந்தும் அந்த வாதம் சாப்பாட்டு மேசையில் தொடர்கிறது. ஆசிரியர்களில் சிலர் அதே கட்டடத்தில் குடியிருக்கிறார்கள். என் ஓட்டு காலேஜுக்கு விழுவது இதனால்தான்.

ஆனால் இலேசான பாடம் என்று நம்பி நுழைந்தால் அடிபடும். என்யுஎஸ் கணக்கில் ஒரு யூனிட் என்பது வாரத்துக்கு இரண்டரை மணி நேர உழைப்பு. ஒரு செமினாருக்கு 10 மணி நேரம். வாரந்தோறும் வாசிப்பு உண்டு. கட்டுரைக்கும் வகுப்பில் பேசுவதற்கும் மதிப்பெண் போகும். படிக்காமல் வந்து பின்வரிசையில் ஒளிய அங்கே பின்வரிசை கிடையாது. 13 வார செமஸ்டரின் கடைசி இரண்டு வாரங்களில் ஆய்வுக்கூட அறிக்கையும் செமினார் கட்டுரையும் ஒன்றாக விழும். கட்டுரைத் தலைப்பை ஆறாவது வாரத்துக்குப் பின் வரும் இடைவேளையிலேயே முடிவுசெய்துவிட்டால் மூச்சு விடலாம்.

விண்ணப்பிக்குமுன் உங்கள் துறையின் பாடப் பட்டியலை எடுத்து, முதல் 4 செமஸ்டருக்குக் கட்டாயப் பாடங்களை எழுதுங்கள். மிச்சமுள்ள கட்டங்களில், அதாவது காலியான பாட இடங்களில், காலேஜ் பாடங்களைப் பொருத்துங்கள். உங்கள் துறை எத்தனை பாடங்களைப் பொதுப் பாடமாக ஏற்கிறது என்பதைச் சேரும் ஆண்டின் விதியில் பாருங்கள். சீனியர் சொன்னது அவர் சேர்ந்த ஆண்டுக்கானது. கட்டங்கள் போதாமல் போனால் ஹாலே நல்லது. மருத்துவ மாணவர்கள் இதை இருமுறை சரிபார்க்க வேண்டும். அவர்கள் ஹாலைத் தேர்ந்தால், 1916இல் மருத்துவ மாணவர் விடுதியாகத் தொடங்கிய கிங் எட்வர்ட் செவன் ஹால், தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அருகிலேயே இருக்கிறது.

விண்ணப்பத்தில் எல்லாக் காலேஜுக்கும் ஒரே பதிலை ஒட்டாதீர்கள். ஆர்சி4 அமைப்புச் சிந்தனையைப் பேசுவது, அதாவது ஒன்றின் பகுதிகள் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்று பார்ப்பது: அந்தப் பாதிப்புகளைச் சுழற்சியாக வரையும் காரணச் சுழற்சி வரைபடம், கணினியில் உருவாக்கும் மாதிரிகள். ஆலிஸ் அண்ட் பீட்டர் டான் சமூக ஈடுபாட்டைப் பேசுவது. தெம்புசு துறைகளைக் கலந்து விவாதிப்பது. எது உங்களுக்கு ஏன் என்று இரண்டு வரியாவது குறிப்பாக எழுதுங்கள்.

வெளிநாட்டுப் பரிமாற்ற செமஸ்டரை மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளி வையுங்கள். இரண்டாம் ஆண்டில் போனால் காலேஜ் பாடங்களுக்குக் கட்டம் கிடைக்காது. ஆனால் அந்த மூன்றாம் ஆண்டில் காலேஜிலும் அறை தானாகக் கிடைக்காது. யார் தொடரலாம் என்பதை அங்கும் பங்களிப்பைப் பார்த்தே முடிவுசெய்வார்கள். நான்கு ஆண்டும் ஒரே கூரை வேண்டுமென்றால் இரண்டாம் ஆண்டிலேயே ஏதாவதொரு குழுவில் பொறுப்பு எடுத்திருக்க வேண்டும்.