ஃபோல்ட்ஸ்கோப்: நாலாம், ஐந்தாம் வகுப்பின் வாராந்திர அறிவியல் பீரியடுக்கு உருப்படியான கருவியா?

வாங்கலாமா என்றால், வாங்கலாம். வாரம் ஒரு பீரியடை இதற்கென்றே ஒதுக்க முடிகிற பள்ளியாக இருந்தால் மட்டும். ஒருநாள் அறிவியல் கண்காட்சியில் மேசைமேல் பரப்பிவைக்க இது தோதுப்படாது. வருகிறவர்களில் பாதிப் பேர் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "ம்ம், நல்லாருக்கு" என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு நகர்வார்கள். அவர்களுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது.

ஃபோல்ட்ஸ்கோப் காகிதத்தை மடித்துச் செய்யும் நுண்ணோக்கி. தண்ணீர் பட்டாலும் ஊறாத தடித்த தாளில் பாகங்கள் வெட்டுக்கோடு போட்டு வரும். பிய்த்தெடுத்து, நிறக்குறி பார்த்து மடித்து, உருண்டைக் கண்ணாடி லென்ஸைப் பொருத்தினால் வேலை முடிந்தது. ஐஐடி கான்பூரில் படித்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் மனு பிரகாஷும் அப்போது அவருடைய மாணவராக இருந்த ஜிம் சிபுல்ஸ்கியும் உருவாக்கியது. 2014-ல் பிளாஸ் ஒன் ஆய்விதழில் வடிவமைப்பை வெளியிட்டபோது, பாகங்களின் அடக்கவிலை ஒரு டாலருக்கும் குறைவு என்று கணக்குக் காட்டினார்கள். நம் கைக்கு வந்து சேரும் விலை அது இல்லை. அந்த ஒரு டாலரை நம்பி பட்ஜெட் போடாதீர்கள்.

140 மடங்கு பெரிதாக்கும். 2 மைக்ரான் இடைவெளியில், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு தள்ளி, இருக்கும் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகக் காட்டும். இந்த இரண்டு எண்களையும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொண்டால் பாதி ஏமாற்றம் தவிரும். "தயிர்ல பாக்டீரியா காட்டுங்க மிஸ்" என்று பிள்ளைகள் கேட்பார்கள், பெற்றோரும் கேட்பார்கள். தயிர் பாக்டீரியாவின் தடிமன் ஒரு மைக்ரானை ஒட்டியது. அது இந்தக் கருவிக்குள் அடங்காது. கொசுப்புழு மறுகோடி: 140 மடங்குக்கு அது ரொம்பப் பெரிது, பத்து மடங்கு கைலென்ஸ் போதும். இடைப்பட்ட எல்லாம், அதாவது 20 மைக்ரானிலிருந்து அரை மில்லிமீட்டர் வரை, இதன் ராஜ்ஜியம்.

லென்ஸின் விட்டம் 2.38 மி.மீ. இவ்வளவு சின்ன உருண்டைக்குக் குவியத்தூரமும் சின்னது. கணக்குப் போட்டால், லென்ஸின் மேற்பரப்பிலிருந்து பார்க்கும் பொருள் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய தூரத்தில் இருந்தாக வேண்டும். வகுப்பறையில் எழும் "ஒண்ணுமே தெரியல சார்" புகார்களில் பெரும்பகுதிக்கு வேர் இங்கேதான். பொருளை வைக்கும் கண்ணாடிப் பட்டையான சாதாரண ஸ்லைடின் தடிமனே ஒரு மில்லிமீட்டர். பிள்ளை அதைத் திருப்பிச் செருகிவிட்டால் பொருளுக்கும் லென்ஸுக்கும் நடுவில் அந்தக் கண்ணாடி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஃபோகஸ் பட்டையை எவ்வளவு தள்ளினாலும் தெளியாது. பொருளின்மேல் மூடும் மெல்லிய கவர் ஸ்லிப் எப்போதும் லென்ஸ் பக்கம், அதாவது கண் பக்கம். ஸ்லைடில் கவர் ஸ்லிப் இருக்கும் பக்கத்து மூலையில் மார்க்கரால் ஒரு கண் படம் போட்டுவைத்தால் நாலாம் வகுப்புக்கு விளக்கமே தேவைப்படாது.

கவர் ஸ்லிப்புக்கு மெல்லிய கண்ணாடி வேண்டாம், விரலில் உடையும். பழைய ஓஎச்பி ஷீட்டை (ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள்) ஒன்றரை சென்டிமீட்டர் சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். உலர்ந்த பொருளுக்குச் செல்லோ டேப் போதும்.

முதல் வாரம் மடிக்க மட்டும். பெரியவர் பத்து நிமிடத்தில் மடித்துவிடுவார். 30 பிள்ளைகள் உள்ள வகுப்பில் 40 நிமிடப் பீரியட் போதாது. ஆசிரியர் முந்தின நாளே இரண்டை மடித்துவைத்து, ஒன்றை மேசைக்கு மேசை சுற்றவிட வேண்டும். எல்லா மடிப்பையும் முன்னும் பின்னும் ஒருமுறை நகத்தால் நீவிவிட்டுத்தான் கோர்க்க வேண்டும். நேரடியாகக் கோர்த்தால் தாள் விறைத்துக்கொண்டு நடுவில் உப்பும், ஃபோகஸ் நிற்காது. அவசரத்தில் பிய்க்கும்போது கிழிவது எப்போதும் ஒல்லியான நாக்குப் பகுதிகள்தான். லென்ஸைக் கடைசியில் ஆசிரியரே எண்ணிக் கொடுத்து, ஆசிரியரே எண்ணி வாங்க வேண்டும். லென்ஸோடும் போன் இணைப்போடும் வருகிற காந்த வளையங்கள் சின்னவை. ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலில் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கூடவே பயன்படுத்தும் எல்இடி விளக்குக்குப் போடும் பட்டன் பேட்டரி அதைவிட மோசம், தொண்டையில் சிக்கினால் சில மணிநேரத்தில் புண்ணாக்கிவிடும். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு இந்தக் கருவியைப் பரிந்துரைக்காததற்கு முதல் காரணம் இதுதான்.

வெளிச்சம் பற்றிக் கையேடு சொல்வதைவிடக் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒளி பொருளை ஊடுருவி வந்தால்தான் இதில் படம். ஜன்னலுக்கு வெளியே வானம், ட்யூப்லைட், வெயில் விழுந்த வெள்ளைச் சுவர், மூன்றும் நன்றாக வேலை செய்யும். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. இதை ஒவ்வொரு வாரமும் பீரியட் தொடங்குமுன் சொல்ல வேண்டும். சிலர் கண்ணிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளிப் பிடித்துக்கொண்டு சின்ன ஒளிப்பொட்டைப் பார்த்துவிட்டு அதுதான் படம் என்று நினைப்பார்கள். இமைமயிர் தாளில் உரசும் அளவுக்கு ஒட்டிப் பிடித்தால்தான் வட்டம் விரியும். கண்ணாடி போட்ட பிள்ளை கழற்றிவிட்டுப் பார்க்கலாம், கிட்டப்பார்வையையும் தூரப்பார்வையையும் ஃபோகஸ் பட்டையே ஈடுகட்டிவிடும். படம் மங்கினால் நூற்றுக்குத் தொண்ணூறு முறை லென்ஸில் விரல்ரேகை. காது குடையும் பஞ்சுக்குச்சியில் துளி ஸ்பிரிட் தொட்டு ஒரு சுழற்று. சட்டை நுனியால் துடைக்கவிடாதீர்கள்.

இனி இதன் பெரிய குறை. ஒரு நேரத்தில் ஒரு கண்தான் பார்க்க முடியும். பிள்ளை "தெரியுது" என்கிறது. என்ன தெரிகிறது என்று ஆசிரியருக்குத் தெரியாது. வெங்காயச் செல்லா, காற்றுக்குமிழா, தன் இமைமயிரா? காற்றுக்குமிழியை "செல்" என்று நோட்டில் எழுதிப் போகிற வகுப்புகள் ஏராளம். குமிழி கச்சிதமான வட்டம், தடித்த கறுப்பு விளிம்பு, உள்ளே வெறுமை. தாவரச் செல் வட்டமாக இராது, தனியாகவும் இராது. பக்கத்துச் செல்லோடு சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு செங்கல் அடுக்கியதுபோல் இருக்கும். பிள்ளை பார்த்தது எது என்று கண்டுபிடிக்க ஒரே வழி வரையச் சொல்வது. நோட்டில் எட்டு சென்டிமீட்டர் விட்டத்தில் வட்டம்; பார்த்ததை மட்டும் அதற்குள் பென்சிலால்; பாடப்புத்தகம் மூடியிருக்க வேண்டும். 40 நிமிடத்தில் 10 ஸ்லைடு தயாரிக்க, 15 பார்க்க, 15 வரைய. வரைய ஒதுக்கிய நேரத்தைக் குறைத்தால் பீரியடே வீண். இரண்டு பேருக்கு ஒரு கருவி என்று கொடுத்து, ஒருவர் பார்க்கும்போது மற்றவர் வரைந்தால் சண்டையும் குறையும்.

என்ன வரிசையில் காட்டுவது என்பதில்தான் பல பள்ளிகள் தடுக்கிவிழுகின்றன. முதல்நாளே குளத்துத் தண்ணீர் என்று ஆரம்பிப்பார்கள். ஓடுகிற உயிரை ஃபோகஸ் தெரியாத பிள்ளை எப்படிப் பிடிக்கும்? அசையாத, உலர்ந்த, நிறமுள்ள பொருளில் தொடங்குங்கள். செய்தித்தாளின் வண்ணப்படத் துண்டு நல்ல தொடக்கம்: நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளாகப் படம் உடைந்துகிடப்பதைப் பார்த்ததும் வகுப்பு தானாகச் சூடுபிடிக்கும். அதற்கடுத்து பஞ்சு நாலு இழை, பாலியெஸ்டர் நூல் நாலு இழை, பக்கத்தில் ஒரு தலைமுடி. பஞ்சு முறுக்கிய நாடா. பாலியெஸ்டர் வழவழப்பான கம்பி. தலைமுடியின் தடிமன் சுமார் 0.05 முதல் 0.1 மி.மீ. இனி வரும் வாரங்களில் அதுதான் அளவுகோல். "இது எத்தனை முடி அகலம்?" என்று கேட்டுக் கேட்டுப் பழக்கினால் ஐந்தாம் வகுப்பு தசமப் பின்னம் தானே வந்துவிடும்.

வெங்காயத்துக்கு வருவோம். இங்கே ஒரு நுணுக்கம். பாடப்புத்தகங்கள் உள்பக்கத் தோலை உரித்துச் சாயமேற்றச் சொல்லும். நுண்ணோக்கிக்குப் புதிதான பிள்ளைக்கு அது நிறமற்ற பொருள், எங்கே ஃபோகஸ் வைப்பது என்றே புலப்படாது. ஊதாநிறப் பெரிய வெங்காயத்தின் சதைப்பற்றான இதழில் வெளிப்பக்கத் தோலை எடுங்கள். செல்லுக்குள்ளேயே நிறமி இருப்பதால் சாயமே வேண்டாம். இதழைப் பட்டென்று ஒடித்தால் ஓரத்தில் தோல் தொங்கும். இடுக்கியால் பிடித்து அரை சென்டிமீட்டர் இழுத்து, ஸ்லைடில் முன்பே வைத்த ஒரு துளித் தண்ணீரில் மிதக்கவிட வேண்டும். உலர்ந்த ஸ்லைடில் தோலை வைத்துவிட்டுத் தண்ணீர் விட்டால் அடியில் காற்று சிக்கும், தோலும் சுருளும். மடிந்த தோல் இரண்டு அடுக்காகக் குழப்பும். கத்தியால் சீவிய துண்டு எவ்வளவு மெல்லியதாகத் தோன்றினாலும் பல அடுக்கு, அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். கவர் ஸ்லிப்பை ஒரு ஓரத்தை ஊன்றிச் சாய்த்து இறக்கினால் குமிழி பெரும்பாலும் வராது.

அடுத்த வாரம் அதே வெங்காயம், இம்முறை உள்தோல். பெட்டடைன் ஒரு துளியை நாலைந்து துளித் தண்ணீரில் கலந்து சாயமாக வைத்தால் ஒவ்வொரு செல்லிலும் பழுப்பாக உட்கரு தெரியும். முந்தின வாரம் செல்லின் வடிவம் பிடிபட்டவர்கள் இதை உடனே கண்டுபிடிப்பார்கள். அதே சாயத்தை உருளைக்கிழங்குச் சுரண்டலில் விட்டால் மாவுமணிகள் கருநீலமாகும். "அரிசியிலும் மாவுதானே" என்று அரிசிமாவைக் கரைத்துப் பார்க்காதீர்கள்: உருளைக்கிழங்கு மணி நூறு மைக்ரான் வரை போகும், அரிசி மணி பத்தைக்கூடத் தொடாது. நிறம் மாறும், மணி தெரியாது. பெட்டடைன் கறை சட்டையில் பட்டால் வீட்டிலிருந்து போன் வரும். துளி விடுவதை ஆசிரியரே செய்வது உத்தமம்.

மகரந்தத்துக்குச் செம்பருத்தி. ஒற்றையடுக்குப் பூவாகப் பாருங்கள். செல்லோ டேப்பின் பசைப்பக்கத்தை மகரந்தப்பைமேல் லேசாக ஒற்றி அப்படியே ஸ்லைடில் ஒட்டினால் போதும். முள்ளுருண்டை அவ்வளவு பெரிது, கைதேறாத பிள்ளையும் தவறவிடாது. அழுத்தி ஒற்றினால் கட்டியாக வந்து வெறும் கறுப்புத் திட்டாகிவிடும்.

குளத்துத் தண்ணீரைக் கடைசியில் வையுங்கள். ஒரு லிட்டர் குளத்து நீரில் ஒரு கைப்பிடி வைக்கோல், நிழலில் ஐந்து நாள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒன்றும் வளராது. பாத்திர வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள், ஏழாம் நாள் தவறாமல் மண்ணில் கொட்டுங்கள். இல்லாவிட்டால் பள்ளிக்குள் நாமே கொசு வளர்த்ததாகிவிடும். மேலே படரும் ஏட்டின் அடியிலிருந்து துளி எடுத்தால் பாரமீசியம் போன்ற ஒற்றைச்செல் உயிர்கள் கிடைக்கும். சீறிக்கொண்டு ஓடும். துளிக்குள் பஞ்சு இழை இரண்டு மூன்று போட்டால் இடுக்கில் மாட்டி வேகம் குறையும். துளி பெரிதானால் நீர் லென்ஸைத் தொட்டு நனைத்துவிடும், படம் சட்டென்று காணாமல் போகும். பயப்பட ஒன்றுமில்லை, துடைத்து உலரவிட்டால் சரி. முடிந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

போன் இணைப்பு ஒன்று இருந்தால் மேலே சொன்ன பெரிய குறையில் பாதி தீரும்: ஆசிரியர் போனில் காந்த வளையத்தை ஒட்டி எல்லோருக்கும் திரையில் காட்டலாம். மூன்று கேமரா உள்ள போனில் எந்தக் கேமரா வேலை செய்கிறது என்று விரலால் மறைத்துப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள். கிட்டத்துப் பொருளுக்குக் கேமராவைத் தானே மாற்றும் தானியங்கி மேக்ரோவை அணைத்து, இரண்டு மடங்கு ஜூம் வைத்தால் வட்டம் திரையை நிரப்பும். ஆனால் பிள்ளைகள் கண்ணால் பார்த்து வரைந்த பிறகுதான் போனை எடுக்க வேண்டும். முதலிலேயே திரையில் காட்டிவிட்டால் அப்புறம் ஒருவரும் காகிதத்தில் கண் வைக்க மாட்டார்கள்.

சாதாரண மாணவர் நுண்ணோக்கி ஒன்றுக்கு ஆகும் செலவில் இவை பல வாங்கலாம். அதில் 400 மடங்கு வரை போகலாம் என்பது உண்மை. 30 பேர் வரிசையில் நின்று ஆளுக்குப் பத்து வினாடி பார்ப்பதும் உண்மை. தொடக்கப்பள்ளிக்கு ஃபோல்ட்ஸ்கோப்தான் கணக்குக்கு ஒத்துவரும்.

30 பேர் வகுப்புக்கு 15 போதும், மடிப்பில் கிழிவதற்கென்று 2 கூடுதலாக. ஆளுக்கொரு டீலக்ஸ் பெட்டி வேண்டியதில்லை. வகுப்பறைப் பொதியை வாங்கி, இடுக்கி, துளிக்குழாய், கண்ணாடி ஸ்லைடுகளை உள்ளூர் ஆய்வகப் பொருள் கடையில் எடுத்துக்கொள்ளுங்கள். எல்இடி விளக்கு வகுப்புக்கு இரண்டு இருந்தால் போதும், மழைநாளுக்கும் இருட்டு அறைக்கும். கருவிக்கு எண் எழுதி, பட்டையாக அடுக்கி, லென்ஸைத் தனி டப்பாவில் போட்டு பீரோவில் பூட்டிவையுங்கள்.