139ஐ அழைத்தால் யார் வருவார்கள்? ரயில் உதவி எண் பற்றி ஒரு மதிப்பீடு

ரயிலில் பெண்களுக்குத் தொல்லை என்றால் முன்பு அழைக்க வேண்டிய எண் 182. 2021 ஏப்ரலில் அதை ரயில்வேயின் உதவி எண்ணான 139உடன் சேர்த்துவிட்டார்கள். பழைய பெட்டி எதிலாவது 182 என்ற ஸ்டிக்கர் கண்ணில் பட்டால் அதை நம்ப வேண்டாம். 139க்கு ஸ்மார்ட்போன் தேவையில்லை, பட்டன் போனிலும் போகும். தமிழ் உட்பட 12 மொழிகளில் பேசலாம். மொழியைத் தேர்ந்ததும் 1ஐ அழுத்தினால் பாதுகாப்பு, மருத்துவ உதவிக்கான ஆள் நேரடியாகப் பேசுவார். 4 பொதுப் புகாருக்கானது. பதற்றத்தில் அங்கே போய்விட்டால் கழிவறை நாறுகிறது என்பவர்களின் வரிசையில் உங்கள் புகாரும் நிற்கும்.

நீண்ட தூர முன்பதிவு ரயிலில் இந்தச் சேவை நன்றாகவே இருக்கிறது. பிஎன்ஆர் சொன்னால் ரயில், பெட்டி, இருக்கை எல்லாம் அவர்கள் திரையில் வந்துவிடும். தகவல் அந்த ரயில்வே கோட்டத்தின் ஆர்பிஎஃப் (ரயில்வே பாதுகாப்புப் படை) கட்டுப்பாட்டு அறைக்குப் போய், ரயிலில் காவலர் இருந்தால் அவரோ, இல்லையென்றால் அடுத்த பெரிய நிலையத்தில் இருப்பவரோ பெட்டிக்கு வருவார். அழைக்கும்போது முதல் வாக்கியத்திலேயே ஐந்து இலக்க ரயில் எண், பெட்டி எண், கடைசியாகத் தாண்டிய நிலையம், தொல்லை கொடுத்தவன் இப்போதும் பக்கத்தில் இருக்கிறானா என்பதைச் சொல்லிவிடுங்கள். நடந்தது என்ன என்பதை அதற்குப் பிறகு சொல்லலாம். ரயில் நடுவழியில் நின்றிருந்தால், பாதையோர மின்கம்பத்துப் பலகையில் உள்ள எண்ணைப் படித்துச் சொன்னால் போதும். கிலோமீட்டர் கணக்கில் எழுதப்பட்டிருக்கும் அந்த எண்ணை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆனால் சென்னை மின்சார ரயிலுக்கு 139 சரிப்படாது. கடற்கரை–தாம்பரம் தடத்தில் இரண்டு, மூன்று நிமிடத்துக்கு ஒரு நிறுத்தம். மொழியைத் தேர்ந்து, எண்ணை அழுத்தி, பிஎன்ஆர் இல்லாத டிக்கெட்டை வைத்துக்கொண்டு எந்த ரயில் என்று விளக்குவதற்குள் இரண்டு நிலையம் போயிருக்கும், தொல்லை கொடுத்தவனும் இறங்கியிருப்பான். ஆர்பிஎஃப் வருவதில் தாமதம் என்று சொல்வதைவிட, அழைப்பின் அமைப்பே குறுந்தூரத்துக்குப் பொருந்தவில்லை என்பதுதான் சரி. அங்கே சத்தம் போடுவதும், அடுத்த நிலையத்தில் பெட்டியை விட்டு இறங்கி நிற்பதும்தான் வேகமான வழி. ரயிலின் கடைசியில் கார்டு இருப்பார். பிளாட்பாரத்திலிருந்து அவருக்குக் கை காட்டலாம், அல்லது நிலைய அதிகாரி அறைக்குப் போகலாம். 139ஐ அதற்குப் பிறகு, புகார் பதிவாக வேண்டும் என்பதற்காக அழையுங்கள்.

அபாயச் சங்கிலியைப் பற்றிய பயம் தேவையில்லாதது. தக்க காரணமில்லாமல் இழுப்பதுதான் ரயில்வே சட்டம் 141ஆம் பிரிவின்படி குற்றம். ஒருவன் உங்கள் மேலே கைவைப்பது தக்க காரணம்தான். இழுத்தால் பிரேக் குழாயின் காற்றழுத்தம் இறங்கும், ரயில் உடனே நிற்காமல் கொஞ்சதூரம் ஓடித்தான் நிற்கும். எந்தப் பெட்டியில் இழுத்தார்கள் என்று பார்த்துக்கொண்டு கார்டோ உதவி லோகோ பைலட்டோ (உதவி ஓட்டுநர்) நடந்து வர வேண்டும். அதனால் ரயில் பிளாட்பாரத்திலிருந்து நகரத் தொடங்கும்போதே இழுப்பது உத்தமம், ஆட்கள் சுற்றி இருப்பார்கள். இருட்டுக் காட்டில் நின்றால் அவன் குதித்து ஓடிவிடலாம். ஆனாலும் உயிருக்கே ஆபத்து என்றால் இடம் பார்க்க வேண்டாம், இழுத்துவிடுங்கள்.

ரயில்வேயின் புகார்ச் செயலியான ரயில் மதத்தை நடந்துகொண்டிருக்கும் தொல்லைக்கு நம்பாதீர்கள். ஓடிபி, வகைத் தேர்வு, படம் ஏற்றுவது என்று நேரம் போகும். படத்தோடு எழுத்துப்பூர்வப் புகாரும் குறிப்பு எண்ணும் வேண்டும் என்றால் மட்டும் அது பயன்படும்.

இந்தச் சேவையின் பெரிய ஓட்டை வழக்குப் பதிவில் இருக்கிறது. 139 கொண்டு வருவது ஆர்பிஎஃப், அது மத்திய அரசின் படை. தொட்டான், துரத்தினான் என்பதற்கு எஃப்ஐஆர் போடுவது மாநிலத்தின் ரயில்வே போலீஸ், எண் 1512. ஆர்பிஎஃப் வந்து தொல்லை கொடுத்தவனைப் பிடித்து இறக்கிவிட்டுப் போனதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்துத்தான் பல புகார்கள் காற்றோடு போகின்றன. எஃப்ஐஆர் போடுவதற்காகப் பயணத்தை முறிக்க வேண்டியதில்லை. புகார்ப் படிவம் டிடிஇ (டிக்கெட் பரிசோதகர்), கார்டு, பாதுகாப்புக்கு வரும் போலீஸ் ஆகியோரிடம் இருக்கும், நிரப்பிக் கொடுக்கலாம். "எங்கள் எல்லை இல்லை" என்று எந்தக் காவல் நிலையமும் திருப்பி அனுப்ப முடியாது. பிஎன்எஸ்எஸ் எனும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு எல்லை பாராமல் பதியச் சொல்கிறது, எஃப்ஐஆர் நகலை இலவசமாகக் கொடுக்கவும் சொல்கிறது. பாலியல் சீண்டல் புகாரைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். நிலையத்தின் பெயரையும் நேரத்தையும் குறிப்பிட்டு கேமரா பதிவைப் பாதுகாக்கும்படி அன்றைக்கே எழுதிக் கொடுங்கள், பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்.

பெண்கள் பெட்டி பற்றியும் ஒரு வார்த்தை. ஆண் ஏறினால் ரயில்வே சட்டம் 162ஆம் பிரிவில் ரூ.500 வரை அபராதம், இறக்கியும் விடலாம். தொகை சிரிப்பை வரவழைக்கிறது. அதைவிட, கூட்டமில்லாத பெண்கள் பெட்டி பாதுகாப்பானது என்ற எண்ணமே தவறு. 2025 பிப்ரவரியில் கோவை–திருப்பதி இன்டர்சிட்டியில் கர்ப்பிணி ஒருவர் கீழே தள்ளப்பட்டது, ஜோலார்பேட்டைக்குப் பிறகு அவர் தனியாக இருந்த பெண்கள் பெட்டியிலிருந்துதான். பல ரயில்களில் அது கார்டு பெட்டியோடு ஒட்டிய சின்னப் பகுதி, உள்ளேயே நடந்து அடுத்த பெட்டிக்குப் போக வழியிருக்காது. கூட இருந்தவர்கள் இறங்கும் நிலையத்திலேயே நீங்களும் இறங்கி, ஆள் இருக்கும் பெட்டிக்கு மாறுங்கள்.

அது ஸ்லீப்பராக இருந்தால் டிடிஇ கூடுதல் கட்டணம் கேட்பார், கேட்கட்டும். கட்ட முடியாவிட்டாலும், ஆண் துணையில்லாமல் பயணிக்கும் பெண்ணை ராத்திரியில் இறக்கிவிடக் கூடாது. பகலில்கூட ஏறிய நிலையம், ஜங்ஷன், கடைசி நிலையம், மாவட்டத் தலைநகர் ஆகிய இடங்களில் மட்டுமே இறக்கலாம். இதைச் சொல்லும் ரயில்வே சட்டப் பிரிவின் எண்ணும் 139தான்.