வெஸ்லியா, விட்ஃபீல்டா?

இங்கிலாந்தில் பிறந்த கிறிஸ்தவ சபையான மெதடிஸ்ட் சபையின் தொடக்கத்தைப் படிக்க உட்கார்ந்தால் இரண்டு பேர் முன்னால் வந்து நிற்பார்கள்: ஜான் வெஸ்லி, ஜார்ஜ் விட்ஃபீல்ட். இருவரும் ஆக்ஸ்ஃபோர்டு நண்பர்கள்.

பேச்சு என்று பார்த்தால் விட்ஃபீல்ட்தான். 1739-இல் பிரிஸ்டல் அருகே நிலக்கரித் தொழிலாளர்களுக்குத் திறந்தவெளியில் பிரசங்கித்தார். ஆலயத்துக்கு வெளியே பேசத் தயங்கிய வெஸ்லியை அங்கே வரவழைத்தவரும் அவரே.

சரி, அப்புறம்? விட்ஃபீல்ட் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். வெஸ்லியோ கேட்டவர்களைச் சேர்த்து வைத்தார். 1742-இல் பிரிஸ்டலில் சபை கூடிய கட்டடத்தின் கடனை அடைக்க, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று ஏற்பாடு. சுமார் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வீடு வீடாகப் போய் வாங்க வேண்டும். காசு வாங்கப் போனவர்கள் அந்த வீட்டு நிலவரத்தையும் கண்டார்கள். அதிலிருந்தே 'கிளாஸ்' கூட்டங்கள், அதாவது ஒரு தலைவரின் கீழ் வாரந்தோறும் கூடும் சிறு குழுக்கள், வளர்ந்தன. கடன் வசூலிலிருந்து ஒரு மேய்ப்புப் பணி முளைத்தது என்பது இன்றும் என் நெஞ்சைத் தொடுகிறது.

அடிமைமுறையை அமெரிக்காவின் ஜார்ஜியாவில் விட்ஃபீல்ட் ஆதரித்தார். வெஸ்லி 1774-இல் அதை எதிர்த்து எழுதினார். 1791-இல் சாவதற்குச் சில நாள் முன்பும் அடிமை வணிகத்தை ஒழிக்கப் போராடிய பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸுக்கு அதைப் பற்றியே கடிதம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை, வெஸ்லி பக்கம்தான்.

யாருக்கு மீட்பு என்பதைக் கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்னும் முன்குறித்தல் கொள்கையில் இருவரும் பிரிந்தார்கள். ஆனாலும் 1770-இல் விட்ஃபீல்ட் இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி.