பத்மினி அடித்தட்டு துரு வேலை: 24 நாள், 46 ஆயிரம், மூணரை ஸ்டார்

வண்டி 1986 பிரீமியர் பத்மினி, அப்பா வாங்கினது, ஸ்டியரிங்லயே கியர் இருக்கிற மாடல். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்போ வேளச்சேரில ரெண்டு நாள் தண்ணிலயே நின்னுச்சு. தண்ணி வடிஞ்சதும் நான் பண்ண முட்டாள்தனம் என்னன்னா, ஒரு கார் கேர் கடைல (பேரு வேணாம்) விட்டு 6 ஆயிரத்துக்கு அண்டர்பாடி கோட்டிங் (வண்டி அடில அடிக்கிற துரு தடுப்பு பூச்சு) அடிச்சேன். காலைல விட்டு சாயங்காலம் எடுத்துட்டேன், அடில குனிஞ்சு பாத்தா தார் ரோடு மாதிரி கருகருன்னு பளபளப்பு, அப்படியே மயங்கிட்டேன். அரை நாள்ல ஒரு வண்டி எப்படி காஞ்சிருக்கும்னு அன்னைக்கு யோசிக்கவே இல்ல.

ஒன்றரை வருஷம் கழிச்சு டிரைவர் சைடு ஃப்ளோர் மேட்டைத் தூக்குனா ஈர மண் வாசனை. ஸ்க்ரூ டிரைவரை சும்மா வெச்சு அழுத்துனேன், பொதுக்குன்னு உள்ள போயிடுச்சு, எடுத்தா ஓட்டை வழியா தரை தெரியுது.

அப்புறம்தான் புதுப்பேட்டைல ஒரு டிங்கர் பாய்கிட்ட போனேன். கடை பேரு போடல, போர்டே கிடையாது. பாய் ஒரு சின்ன சுத்தியை எடுத்துக்கிட்டு கீழ படுத்து அடித்தட்டு பூரா தட்டிக்கிட்டே போனாரு, நல்ல தகடுன்னா டங்குன்னு சத்தம், போன எடத்துல டொப்புன்னு கேக்குது, அங்கங்க சாக்பீஸ்ல வட்டம். கடைசில எண்ணுனா 11 வட்டம். அந்த கறுப்பு கோட்டிங்கை உளியால நெம்புனாரு பாருங்க, கல்லுல இருந்து தோசை வர்ற மாதிரி முழுசா உரிஞ்சு வருது, பின்னாடி பக்கம் துரு அப்படியே ஒட்டிக்கிட்டு வருது, உள்ள ஈரம் இன்னும் இருக்கு. "துருவுக்கு ரெயின்கோட் போட்டுக் குடுத்துருக்காங்க தம்பி"ன்னாரு. துரு மேல கோட்டிங் அடிச்சா ஈரம் உள்ளயே மாட்டிக்கும், வெளிய தெரியாம தின்னுக்கிட்டே இருக்கும். கோட்டிங்கே அடிக்காம விட்டிருந்தா கூட ஒரு வருஷம் முன்னாடியே கண்ணுல பட்டிருக்கும்.

இன்னொண்ணு, பாதி துரு மேல இருந்துதான் வந்திருக்கு. முன் கண்ணாடி ரப்பர் காஞ்சு போய் மழைத்தண்ணி சொட்டு சொட்டா இறங்கி, மேட்டுக்கு அடில இருக்கிற சணல் ஃபெல்ட் அதைக் குடிச்சு வெச்சுக்கிட்டு மாசக்கணக்குல காயாம கிடந்திருக்கு. ஸோ அடியை மட்டும் பாத்து பிரயோஜனம் இல்ல, ரப்பரையும் மாத்திட்டேன்.

இப்ப வேலை. முதல்ல பேட்டரி கழட்டி, பெட்ரோல் டேங்க்கை இறக்கி வெளிய வெச்சாங்க, அதுக்கப்புறம்தான் வெல்டிங் மிஷினையே கிட்ட கொண்டு வந்தாங்க. பத்மினிக்கு தனி சேசிஸ் (வண்டியைத் தாங்குற இரும்புச் சட்டம்) கிடையாது, பாடியே தான் சேசிஸ், ரன்னிங் போர்டை (கதவுக்குக் கீழ நீளமா ஓடுற பெட்டி மாதிரி தகடு) வெட்டுனா வண்டி நடுவுல தொங்கிடும். அதனால கதவைக் கழட்டிட்டு அந்த வாசல்ல குறுக்க இரும்பு பைப் வெச்சு வெல்டு பண்ணிட்டுத்தான் வெட்டுனாரு. இந்த ஒரு வேலைக்கே நான் ரெண்டு ஸ்டார் குடுப்பேன், ஏன்னா இதைப் பண்ணாம வெட்டி அப்புறம் கதவே மூடாம போன வண்டியை நானே பாத்திருக்கேன்.

துருப்பிடிச்ச எடத்தை நல்ல தகடு வர்ற வரைக்கும் வெட்டிட்டு 18 கேஜ் சிஆர் ஷீட் (பூச்சில்லாத இரும்புத் தகடு) போட்டு சிஓடூ வெல்டிங். ஜிஐ ஷீட் (துத்தநாகம் பூசின தகடு) போட்டா துருவே பிடிக்காதே பாய்னு நான் மேதாவித்தனமா கேட்டேன், வெல்டு வெக்கிற எடத்துல துத்தநாகம் எரிஞ்சு போயிடும், அந்தப் புகையைக் குடிச்சா ராத்திரி ஜுரம் வரும், நீங்க வந்து வெல்டு பண்றீங்களான்னு கேட்டாரு. வாய மூடிக்கிட்டேன்.

ஓட்டை விழாம குழி குழியா இருந்த எடத்துக்கு மட்டும் ரஸ்ட் கன்வர்ட்டர், அதாவது துருவை மாத்துற கெமிக்கல். கம்பி பிரஷ் போட்டு உதிர்றது எல்லாம் உதிர்ந்த பிறகு தடவுனா அந்த சிவப்பு கறுப்பா மாறும். செதில் செதிலா நிக்கிற துரு மேல தடவுறது காசைக் கரைக்கிற வேலை, உள்ள இறங்கவே இறங்காது. அதுக்கு மேல எபாக்ஸி பிரைமர், ஜாயின்ட்ல சீலர், ரெண்டு நாள் காய விட்டு கடைசியாத்தான் ரப்பர் கோட்டிங். அதாவது நான் முன்னாடி 6 ஆயிரம் குடுத்தது இந்த கடைசி ஸ்டெப்புக்கு மட்டும்.

சண்டை வந்தது ஒரே எடத்துல. ரன்னிங் போர்டுக்குள்ள பழைய இன்ஜின் ஆயில் ஊத்துறேன்னாரு, அவங்க அப்பா காலத்துல இருந்து அப்படித்தானாம். ஆயில் வழிஞ்சு ரப்பர் புஷ்ல பட்டா ஊறிப் போயிடும்னு நான் சொல்ல, அவரு சிரிக்க, கடைசில நானே ஜிபி ரோடு போய் கேவிட்டி வேக்ஸ் (உள்கூட்டுக்குள்ள அடிக்கிற துரு தடுப்பு மெழுகு) கேன் ரெண்டு வாங்கிட்டு வந்து குடுத்தேன். கீழ இருக்கிற தண்ணி வடியிற ஓட்டை வழியா டியூப் விட்டு அடிச்சாரு. ஆனா ஓட்டையை அடைக்காம விடுங்க பாய்னு நான் சொல்றதுக்கு முன்னாடியே ஒவ்வொண்ணுலயும் தீக்குச்சி சொருகி வெச்சிருந்தாரு, கோட்டிங் அடிச்சு முடிச்சதும் உருவுனாரு.

குறை இல்லாம இல்ல. 10 நாள்னு சொல்லி 24 நாள். போன் எடுக்க மாட்டாரு, நேர்ல போய் நிக்கணும். பில்லு கிடையாது. பின் சீட்டை கழட்டாம வெல்டு பண்ணி ரெக்ஸின்ல நாலு எடத்துல பொறி பட்டு பொத்தல், கேட்டா "அது பழைய சீட்டு தானே"ங்கிறாரு, எனக்கு அங்கதான் செம கடுப்பு. அடில வெல்டு வரி எல்லாம் தடிப்பு தடிப்பா தெரியும், ஷோவுக்கு வெக்கிற வண்டின்னா இங்க போகாதீங்க. மொத்தம் 46 ஆயிரம், அதுல வேக்ஸும் கண்ணாடி ரப்பரும் சேராது. யாரு எங்க விட்டாலும் சரி, கோட்டிங் அடிக்கிறதுக்கு முந்தின நாள் போய் வெறும் தகடை போட்டோ எடுத்துக்குங்க, அன்னைக்கு வரவேணாம்னு சொன்னாங்கன்னா வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க.

ஒரு ஐப்பசி கார்த்திகை மழை தாண்டியாச்சு. போன ஞாயித்துக்கிழமை நானே வண்டிக்கு அடில பாயை விரிச்சுப் படுத்து டார்ச் அடிச்சுப் பாத்தேன், மேட்டுக்கு அடில காஞ்சு கிடக்கு, டிக்கி சைடும் சுத்தம். இடது பக்கம் ஜாக்கி போடுற எடத்துல மட்டும் விரல் நீளத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. டிங்கர் பாய்க்கு போட்டோ அனுப்புனேன், ரெண்டு நாள் கழிச்சு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு: "அது ஜாக்கி உரசுனது தம்பி, வெள்ளிக்கிழமை விட்டு எந்த நாளும் வாங்க."