மீன் முட்டையிட நார்ப்பாயா, ஆகாயத்தாமரையா?

குளத்திலேயே குஞ்சு பொரிக்க வைத்தால், வருடா வருடம் குஞ்சு வாங்கும் செலவு மிச்சம். பினாங்கில் சுங்கை பாக்காப் பக்கம் எங்கள் தோட்டக் குளத்தில் இருப்பது சாதாக் கெண்டை. அதன் முட்டை பிசுபிசுப்பானது. ஒட்டிக்கொள்ள ஏதும் இல்லையென்றால் சேற்றில் விழுந்து வீணாகிவிடும். அதற்கு ஆகாயத்தாமரையை மிதக்க விடலாம், இல்லை தேங்காய் நாரில் பாய் கட்டிப் போடலாம். நான் நார்ப்பாய்க் கட்சி.

திலாப்பியா மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இரண்டுமே தேவையில்லை. ஆண் மீன் தரையில் குழி பறிக்கும், பெண் மீன் முட்டையை வாயில் வைத்துக் காக்கும். கரையோரம் ஆழம் குறைந்த, கெட்டியான தரை இருந்தால் போதும்.

ஆகாயத்தாமரைக்குக் காசு கிடையாது. வேர் அடர்த்தியானது, முட்டை நன்றாக ஒட்டும், குஞ்சு ஒளிந்துகொள்ளவும் இடம் கிடைக்கும். எல்லாம் சரி, பராமரிப்புதான் பிரச்சினை. நம் ஊர் வெயிலில் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். கொஞ்ச நாள் கவனிக்காமல் விட்டால் சின்னக் குளம் முழுக்க மூடிக்கொள்ளும். அப்புறம் தண்ணீருக்குள் வெளிச்சம் இறங்காது, பாசி வளராது, பிராணவாயு குறையும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். செத்த இலையும் வேரும் அடியில் அழுகி, மிச்சமிருக்கும் பிராணவாயுவையும் இழுத்துவிடும். அள்ளிப் போடுவதும் லேசான வேலை இல்லை, தண்ணீர் கோத்த செடி அவ்வளவு கனம்.

வயலோர வாய்க்காலிலிருந்து எடுத்து வந்தால் தண்டைத் திருப்பிப் பாருங்கள். இளஞ்சிவப்பில் கொத்தாக முட்டை ஒட்டியிருந்தால் அது சிப்புட் கோண்டாங் எமாஸ் என்ற நத்தையின் முட்டை. நெற்பயிரைத் தின்று அழிக்கும் அந்த நத்தையை நாமே வீட்டுக்கு அழைத்து வர வேண்டாம்.

நார்ப்பாயை வேண்டும்போது போடலாம், வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம். நான் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுதான் காரணம். சந்தையில் தேங்காய் உரிக்கும் கடையில் மட்டை கேட்டு வாங்கி, நாரைப் பிரித்து, சாயம் இறங்கும்வரை சில நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊற வைக்க வேண்டும். பிறகு இரண்டு மூங்கில் பிளாச்சுகளுக்கு நடுவே பரப்பிக் கட்டி, தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே நிறுத்த வேண்டும். போடும் முன் தூசியை அலசிவிடுங்கள். சேறு படிந்த நாரில் ஒட்டிய முட்டை மூச்சு முட்டிச் செத்துவிடும்.

கெண்டை தன் முட்டையைத் தானே தின்னும். அதனால் காலையில் பாயைத் தூக்கிப் பார்த்து, முட்டை தெரிந்தால் அப்படியே ஹாப்பா எனப்படும், குளத்துக்குள் பெட்டி போலக் கட்டும் நெருக்கமான கண்ணுள்ள வலைக்குள் மாற்றிவிடலாம். நல்ல முட்டை கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், மறுநாள் உள்ளே இரண்டு கரும்புள்ளி தெரியும். அவை கண்கள். வெளுத்துப்போனது செத்த முட்டை, அதில் பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டைக்கும் பரவும். நம் ஊர்ச் சூட்டில் இரண்டு மூன்று நாளில் பொரித்துவிடும். பிறகு பாயை அலசி வெயிலில் காயவைத்துக் கட்டி வைக்கலாம். ஆகாயத்தாமரையை அப்படிக் கட்டி வைக்க முடியாது.

கலுய் (ராட்சத குராமி) மீன் நான் வளர்த்ததில்லை. ஆனால் அது நாரைக் கவ்வி எடுத்துத் தானே கூடு கட்டும் மீன் என்பதால், வளர்ப்பவர்கள் கூடை வைத்துப் பக்கத்தில் உதிரி நார் போடுகிறார்கள். அங்கேயும் நாருக்குத்தான் வேலை.

ஆகாயத்தாமரைதான் வேண்டும் என்பவர்கள் மூங்கில் சட்டத்துக்குள் ஒரு மூலையில் அடைத்து, சட்டத்தை மீறுவதை வாரந்தோறும் அள்ளிவிடுங்கள். அள்ளியதை வாழைக்கு அடியில் போடலாம். திரும்ப வாய்க்காலில் மட்டும் வீசாதீர்கள்.