மேக்ஸ்என்ட்டா, ஜிஏஎம்மா? ஆழ்கடல் டால்பின்களைக் கணிக்கும் இரு வழிகள்

கிழக்கு வெப்பமண்டலப் பசிபிக்கில் மஞ்சள்துடுப்புச் சூரை மீன்கள் புள்ளி டால்பின் கூட்டத்துக்கு அடியிலேயே சேர்ந்து போகும். மேலே டால்பின் துள்ளினால் கீழே சூரை இருக்கும் என்று 1950களின் கடைசியிலிருந்து கப்பல்கள் அவற்றைத் துரத்திச் சுற்றுவலை போட்டன. வலையில் சிக்கி மாண்டவை பல இலட்சம். 1972இல் அமெரிக்கா கடல் பாலூட்டிகளைக் காக்கச் சட்டம் இயற்றியதற்கு இந்தச் சாவுகளும் ஒரு காரணம். இப்படிப்பட்ட கடலில் டால்பின் எங்கே வாழும் என்று கணிக்க எந்த முறையை நம்பலாம்?

2006இல் அறிமுகமான மேக்ஸ்என்ட் என்ற கணினிக் கணிப்பு முறைக்கு டால்பின் தென்பட்ட புள்ளிகள் மட்டும் போதும். அந்த இடங்களின் வெப்பநிலை, பச்சைய அளவு போன்றவற்றைச் சுற்றுக்கடலோடு ஒப்பிட்டு, எந்த நீர் டால்பினுக்கு ஏற்றது என்று வரைபடம் தரும். மீன்பிடிக் கப்பலில் போன பார்வையாளரின் குறிப்பேடுகூட உதவும். செலவு குறைவு. ஆனால் சூரைக் கப்பல் கண்டபடி சுற்றுவதில்லை, மீன் கிடைக்கும் இடத்துக்கே போகிறது. அந்தக் குறிப்புகளை அப்படியே கொடுத்தால் டால்பினின் விருப்பத்தோடு மீனவரின் விருப்பமும் வரைபடத்தில் கலந்துவிடும். ஒப்பிடும் புள்ளிகளையும் அதே கப்பல் பாதைகளிலிருந்து எடுத்தால் இந்தக் கோணல் ஓரளவு குறையும். அப்போதும் எத்தனை டால்பின் என்ற கேள்விக்கு விடை கிடைக்காது.

டால்பின் எண்ணிக்கை வெப்பநிலை போன்றவற்றோடு எப்படி மாறுகிறது என்று வளைகோடு வரையும் முறைதான் ஜிஏஎம் எனப்படும் பொதுமைப்படுத்திய கூட்டல் மாதிரி. அதற்கு உழைப்பு அதிகம். ஆய்வுக்கப்பல் முன்பே வகுத்த கோட்டில் போகும். 25 மடங்கு பெரிதாக்கும் இருநோக்கியில் பார்த்து, ஒவ்வொரு கூட்டத்தின் தூரத்தையும் கோணத்தையும் எண்ணிக்கையையும் எழுதுவார்கள். எதுவுமே தென்படாத மணி நேரங்களும் பதிவாகும். எனக்கு இந்த முறையில் மிகப் பிடித்தது அதுதான். பார்த்தும் காணாத இடம் எது, பார்க்கவே போகாத இடம் எது என்று பிரித்துச் சொல்ல முடிகிறது. தூரம் கூடக்கூடக் கண்ணுக்குத் தப்புவதையும் கணக்கில் சேர்த்தால், சதுர கிலோமீட்டருக்கு எத்தனை என்றே சொல்லலாம்.

ஆய்வுக்கப்பலால் இன்னொரு பலனும் உண்டு. செயற்கைக்கோளுக்கு மேற்பரப்பு மட்டுமே தெரியும்; கப்பலிலிருந்து இறக்கும் கருவியோ, வெதுவெதுப்பான மேல்நீர் முடிந்து குளிர்நீர் தொடங்கும் ஆழத்தையே அளந்துவிடும். புள்ளி டால்பினும் ஸ்பின்னர் டால்பினும் வெப்பமான மேல்நீரும், அதன் அடியிலேயே சட்டென்று குளிரும் அடுக்கும் உள்ள இடங்களை நாடுகின்றன. காமன் டால்பின்களுக்கு, கோஸ்டாரிகா நாட்டுக்கு அப்பால் உள்ள ‘கோஸ்டாரிகா குவிமாடம்’ என்ற கடற்பகுதி போலக் குளிர்நீர் மேலெழும் பகுதிகள் பிடிக்கும். கடல்தரை பல கிலோமீட்டர் கீழே கிடக்கும் இங்கே, தரையின் ஆழத்தைவிட இந்த அடுக்குதான் அதிகம் பேசுகிறது.

ஜிஏஎம்முக்கும் குறை உண்டு. பலமுறை துரத்தப்பட்ட கூட்டங்கள் கப்பலைக் கண்டாலே விலகி ஓடும், எண்ணிக்கை பிசகும். அளந்த வெப்பநிலை வரம்புக்கு வெளியே அதன் வளைகோடு தறிகெட்டுப் போகும், பசிபிக் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டில் இது பெரிய ஆபத்து.

வலையில் எத்தனை சாவை டால்பின் இனம் தாங்கும் என்று முடிவெடுக்க வேண்டுமானால் நான் ஜிஏஎம் பக்கமே நிற்பேன். கணக்கெடுப்பே நடக்காத கடலில், கப்பலை முதலில் எங்கே அனுப்பலாம் என்று தேர மேக்ஸ்என்ட் போதும்.